கம்பியும் கஞ்சியும்

அத்தியாயம் 9

போன வாரம் உங்களை நடு ராத்திரியில், டோவர் துறைமுகத்தில், ஒரு கப்பலின் மேல்தளத்தில் அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளும் உப்புக்காற்றில் நின்றிருப்பீர்கள். மன்னிக்க வேண்டும்.

வாருங்கள். கப்பல் கிளம்பப்போகிறது.

பெயர் 'ஆலர்ட்'. போர்க்கப்பல் இல்லை. பிரிட்டிஷ் தபால் துறைக்குச் சொந்தமான கேபிள் கப்பல். கடலுக்கடியில் தந்திக் கம்பி அறுந்துபோனால் போய்த் தேடிப்பிடித்து ஒட்டுப்போடுவதுதான் அதன் பிழைப்பு. நம் ஊர் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார். இவர்கள் கடலில் தூண்டில் போடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இன்றைய உத்தரவு தலைகீழ்.

இத்தனை வருடம் ஒட்டியவர்கள், இன்றைக்கு வெட்டப்போகிறார்கள்.

லண்டன் கொடுத்த கெடு இரவு 11 மணிக்கு முடிந்தது. ஜெர்மனியிடமிருந்து பதில் இல்லை. போர். பீரங்கிகள் இன்னும் ரயிலில்கூட ஏறவில்லை. சிப்பாய்கள் வீட்டில் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஆலர்ட் இருட்டில் நழுவிவிட்டது. இவ்வளவு அவசரமா என்றால், அவசரமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே லண்டனில் பாதுகாப்புக் குழு கூடி உட்கார்ந்து, சண்டை மூண்டால் முதல் வேலை என்ன என்று எழுதி வைத்தாகிவிட்டது. கோப்பைப் பிரித்தார்கள். கப்பலை அனுப்பினார்கள்.

கடலடியில் கொக்கிகள் கட்டிய கயிறு இழுபடுகிறது. மண்ணைக் கீறிக்கொண்டு போகிறது. திடீரென்று கயிறு விறைக்கிறது.

மாட்டிக்கொண்டது.

விஞ்சு முனகுகிறது. சேறும் பாசியுமாக, மலைப்பாம்பு மாதிரி ஒன்று கடலிலிருந்து எழுந்து கப்பலின் முகப்பில் வந்து படுக்கிறது. வெளியே இரும்புக் கம்பிகள் முறுக்கிய கவசம். உள்ளே கட்டாபெர்ச்சா என்கிற மரப்பால் பூச்சு. மலேயாக் காட்டிலிருந்து வந்தது. அதற்கும் உள்ளே, நடுவில், ஒரு செம்பு இழை. அந்த இழை வழியாகத்தான் ஒரு சாம்ராஜ்யம் அட்லாண்டிக்குக்கு அப்பால் பேசிக்கொண்டிருந்தது.

வெட்டு விழுந்தது.

முனைகள் மறுபடி தண்ணீருக்குள் போயின. அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒன்று பிரான்சுக்கு, ஒன்று ஸ்பெயினுக்கு, ஒன்று டெனரிஃபே தீவுக்கு, இரண்டு அசோர்ஸ் தீவுகள் வழியாக நியூயார்க்குக்கு. மொத்தம் 5. ஆகஸ்ட் 5-ம் தேதி காலை இங்கிலாந்து காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, ஜெர்மனியின் குரல்வளையில் கை வைத்தாயிற்று.

(இடையில் ஒரு வார்த்தை. ஜிம்மர்மன் தந்தியைப் பற்றி பார்பரா டக்மன் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தைப் படித்த வாசகர்கள், கப்பலின் பெயர் 'டெல்கோனியா' அல்லவா என்று கேட்கக்கூடும். அவர் அப்படித்தான் எழுதினார். பின்னால் ஆவணங்களைத் தோண்டியவர்கள், அது ஆலர்ட்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணத்தின் பக்கம்தான் நான்.)

அந்த 5 கம்பிகளும் ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து கடலுக்குள் இறங்கின, தெரியுமா?

எம்டன்.

ஆமாம். "அவன் சரியான எம்டன்டா" என்று நாம் சொல்கிறோமே, அதே எம்டன். வட கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரைச் சூட்டிய கப்பல்தான் வெட்டு விழுந்த ஏழாவது வாரம் சென்னைக்கு வந்து, துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, நம் மொழியில் ஒரு சொல்லையும் போட்டுவிட்டுப் போனது. அதன் கதை எப்படி முடிந்தது? கோகோஸ் தீவில் இருந்த பிரிட்டிஷ் தந்தி நிலையத்தின் கேபிளை வெட்டப் போனது. வெட்ட வந்தவர்களைப் பார்த்ததும் நிலையத்தில் இருந்தவர்கள் தந்தியைத் தட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' பாய்ந்து வந்தது. எம்டன் முடிந்தது. கம்பியை இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல், கம்பியை வெட்டப் போய்ச் செத்தது. கதாசிரியன் இப்படி எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

சரி, ஆலர்ட் திரும்பிவிட்டது. நாம் அக்கரைக்குப் போவோம்.

வெட்டு விழுந்த அன்று ஜெர்மனியில் யாருக்கும் வலிக்கவில்லை. தெருவெல்லாம் பாண்டு வாத்தியம். ரயில் பெட்டிகளில் பூமாலை. இலை உதிர்வதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று கைசர் வில்லியம் சிப்பாய்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடலுக்கடியில் ஏதோ கம்பி போனதாம். போகட்டுமே!

முதலில் உறைத்தது யாருக்கு?

ஹாம்பர்க்கில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அவளைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். மகன் அமெரிக்காவில், மில்வாக்கியில். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியிருந்தவர்கள் அப்போது 20 லட்சத்துக்கு மேல். மாதாமாதம் பணம் வரும். பிள்ளை பிறந்தால் தந்தி வரும். சாவு என்றாலும் தந்திதான்.

தந்தி நின்றது.

கடிதம் இருக்கிறதே என்றாள். கடிதம் நடுநிலை நாடுகளின் கப்பலில் வரவேண்டும். அந்தக் கப்பலை பிரிட்டிஷ் கடற்படை மறித்து, தன் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சோதனை போடும். தபால் மூட்டைகள் இறங்கும். உறைகள் கிழியும். உள்ளே காசோலையோ பண ஆணையோ இருந்தால் அது எதிரிக்குப் போகும் பணம். பறிமுதல். அமெரிக்க அரசே, எங்கள் தபாலில் கை வைக்க நீங்கள் யார் என்று லண்டனுக்குக் கண்டனம் எழுதிப் பார்த்தது. லண்டன் பணிவாகப் பதில் எழுதியது. மூட்டைகளையும் பிரித்துக்கொண்டே இருந்தது.

கம்பியில்லாத் தந்தி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. பெர்லின் பக்கத்தில் நவ்வன் என்ற ஊரில் வானளாவிய கோபுரம். ஆனால் அங்கே முதலிடம் அரசாங்கத்துக்கும் கடற்படைக்கும். மில்வாக்கி மகன் நலமா என்று கேட்க அந்தக் கோபுரத்தில் சுலபத்தில் இடம் கிடைக்காது. தவிர, காற்றில் விட்ட சேதியை யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். லண்டனில் ஒரு பழைய கட்டடத்தின் 40-ம் எண் அறையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அறையை மறந்துவிடாதீர்கள். இந்த வாரம் முடிவதற்குள் அதன் கதவைத் தட்டப்போகிறோம்.

இன்றைக்கு எங்காவது சண்டை என்றால் முதலில் இணையம் படுத்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் வங்கியில் சிக்கிக்கொள்கிறது. இதெல்லாம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். அந்த ஹாம்பர்க் தாய்க்கு இது அத்தனையும் தெரியும்.

பேச்சு நின்றது. அடுத்து, சோறு.

பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கு எளிமையானது. ஜெர்மனி சாப்பிடுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கப்பலில் வருகிறது. வயலுக்குப் போடும் உரத்துக்கான வெடியுப்பு சிலியிலிருந்து வருகிறது. கப்பலை நிறுத்தினால் போதும். முதலில் ஆயுதம் மட்டும் கூடாது என்றார்கள். பட்டியல் மாதாமாதம் வளர்ந்தது. பிறகு தானியம். பிறகு, எதிரிக்குப் போகிற எதுவும் கூடாது. ஹாலந்து, டென்மார்க் வழியாகச் சுற்றி வருமே என்றால், அந்த நாடுகளுக்கே அளவு வைத்தார்கள்.

கோட்டையை வளைத்துப் பட்டினி போடுவது நமக்குப் புதிதா? அதற்கென்று இலக்கணத்தில் உழிஞை என்று ஒரு திணையே வைத்தவர்கள் நாம். பறம்பு மலையை மூவேந்தரும் வளைத்தபோது, கபிலர் கிளிகளைப் பழக்கி நெற்கதிர் கொண்டுவரச் செய்தார் என்றொரு பழங்கதை.

பெர்லினுக்குக் கிளி வாய்க்கவில்லை.

முதல் வருடம் ரொட்டியில் உருளைக்கிழங்கு மாவைக் கலந்தார்கள். கே ரொட்டி என்று பெயர். 'கே' என்றால் போர் என்றும் வைத்துக்கொள்ளலாம், உருளைக்கிழங்கு என்றும் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் மொழியில் இரண்டும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. அப்புறம் ரொட்டிக்கு அட்டை வந்தது. மனிதன் தின்னும் கிழங்கைப் பன்றிகள் தின்கின்றன என்று மேதாவிகள் சிலர் கணக்குப் போட, லட்சக்கணக்கில் பன்றிகளை வெட்டித் தள்ளினார்கள். நாலு வாரம் எல்லார் வீட்டிலும் விருந்து. பிறகு கொழுப்புக்கு எங்கே போவது? வயலுக்கு எருவுக்கு எங்கே போவது? அந்த இலையுதிர்காலத்தில் வெண்ணெய் கேட்டு பெர்லின் பெண்கள் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் பிரிட்டிஷ் கப்பல்களின் மீது போடுவது ஜெர்மன் அரசுக்கு வசதியாக இருந்தது. ஆனால் தானியத்துக்கு விலை உச்சவரம்பு வைத்துவிட்டு மாமிசத்துக்கு வைக்க மறந்தது எந்தக் கப்பல்? விவசாயி தானியத்தை மாட்டுக்குப் போட்டு மாட்டை விற்றான். ராணுவம் முதலில் அள்ளிக்கொண்டது. காசுள்ளவன் பின்வாசல் வழியாக வாங்கினான். முற்றுகை கழுத்தில் கயிறு போட்டது உண்மை. முடிச்சை இறுக்கியதில் உள்ளூர்க் கைகளும் இருந்தன.

பிறகு வந்தது 1916-ன் இலையுதிர்காலம்.

மழை. விடாத மழை. உருளைக்கிழங்குச் செடியில் நோய். மருந்தடிக்கச் செம்பு உப்பு வேண்டும். செம்போ, பீரங்கிக் குண்டுக்குப் போய்விட்டது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. விளைச்சல் ஏறக்குறையப் பாதி.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. டர்னிப் வகையில் ஒரு பெரிய, மஞ்சள் சதைக் கிழங்கு. நம் நூக்கலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தீவனம்.

ஹாம்பர்க் தாயை விட்டோமே, அவளுடைய தங்கை ஒருத்தி பெர்லினில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளோடு ஒரே ஒரு நாள் இருந்துவிட்டு வருவோம்.

விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. அடுப்புக்குக் கரி இல்லை. ஆலையில் 12 மணி நேர வேலை காத்திருக்கிறது. அதற்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். இருட்டில், பனியில், ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நீளமாக நிற்கும் அந்த வரிசைக்கு பெர்லின்வாசிகள் 'பொலனேஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜோடி ஜோடியாக வரிசைகட்டி ஆடும் போலந்து நடனத்தின் பெயர் அது. பசியிலும் நக்கல் போகவில்லை.

கையில் அட்டை. ரொட்டிக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று. அட்டை இருந்தால் சாமான் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வரிசையில் நிற்க உரிமை உண்டு என்று அர்த்தம். நான்கு மணி நேரம் நின்று முன்னால் போனால் கடைக்காரர் பலகையைத் திருப்பிவிடுகிறார்.

கிழங்கு இல்லை. டர்னிப் உண்டு.

காலையில் டர்னிப் கஞ்சி. மதியம் டர்னிப் கட்லெட். ரொட்டியில் டர்னிப் மாவு. ரொட்டிக்கு மேல் தடவ டர்னிப் ஜாம். குடிக்க, டர்னிப்பை வறுத்து இடித்த காப்பி. இந்த டர்னிப்புக்கு 'கிழக்குப் பிரஷ்ய அன்னாசி' என்று செல்லப் பெயர் வேறு. அரசின் அட்டைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி. வேலை செய்கிற உடம்புக்கு அதில் பாதி வயிறுகூட நிரம்பாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பழக்கொட்டை சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கொட்டையை ஆட்டினால் எண்ணெய் வரும். பிறகு கரி இல்லை என்று பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். பின்னால் பெண்களிடம் உதிர்ந்த தலைமுடியையும் கேட்டார்கள்; எந்திரப் பட்டைகளுக்கு. எல்லாவற்றுக்கும் போலி. சாஸேஜுக்கு மட்டும் 800-க்கு மேற்பட்ட போலி வகைகளுக்குப் போரின் முடிவில் அரசு அனுமதி கொடுத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் தின்பது ஒரு கலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இவள் ரயிலேறி கிராமத்துக்குப் போகிறாள். பெட்டியில் கல்யாணத்துக்கு வந்த மேசைவிரிப்பு. அதைக் கொடுத்து ஒரு பை உருளைக்கிழங்கு வாங்குகிறாள். கன்னத்தில் தானியம் அடைத்து ஓடும் எலி இருக்கிறதே, ஹாம்ஸ்டர், அதன் பெயரையே இந்தப் பயணத்துக்கு வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது ஸ்டேஷனில் போலீஸ்காரர் நிற்கிறார்.

பையைத் திற.

மேசைவிரிப்பும் போயிற்று. கிழங்கும் போயிற்று.

புருஷன் போர்முனையில். அவனுக்கு அவள் என்ன எழுதுவாள்? அழுகைக் கடிதங்கள் எழுதி வீரர்களின் மனதைக் கெடுக்காதீர்கள் என்று அரசாங்கம் பெண்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் கடிதத்தை எதிரி பிரித்தான். உள்ளே எழுதும் கடிதத்தை அரசாங்கம் பிரித்தது.

இப்படி எத்தனை பேர் இறந்தார்கள்? போர் முடிந்ததும் ஜெர்மன் சுகாதாரத் துறை 7,63,000 என்றது. பின்னால் வந்தவர்கள் கணக்கைக் குறைத்து, 4 லட்சத்துச் சொச்சம் என்றார்கள். துப்பாக்கிக் குண்டுக்குச் சாவுக் கணக்கு எழுதலாம். காசநோயாக, நிமோனியாவாக வேடம் போட்டுவரும் பசிக்கு எப்படி எழுதுவது?

இந்த டர்னிப் கஞ்சியின் ஆவி மேலே எழுந்து எங்கே போனது?

நேராகக் கைசரின் மேசைக்கு.

ஜனவரி 9, 1917. பிளெஸ் என்ற ஊரில் ஒரு மாளிகை. கைசர் உட்கார்ந்திருக்கிறார். தளபதிகள் ஹிண்டன்பர்க், லூடன்டார்ஃப் ஒரு பக்கம். கடற்படைத் தலைவர் ஹோல்ட்ஸன்டார்ஃப் கையில் கத்தையாகக் காகிதம். நம் ஊர் பட்டினி கிடக்கிறது, அவர்கள் ஊரையும் பட்டினி போடுவோம் என்பதுதான் சாரம். நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிட வேண்டும். எந்த நாட்டுக் கப்பலானாலும் மூழ்கடிக்க வேண்டும். மாதம் 6 லட்சம் டன். ஐந்தே மாதத்தில் பிரிட்டன் மண்டியிடும்.

பிரதமர் பெத்மான் ஹோல்வெக் ஒருவருக்குத்தான் தயக்கம். அமெரிக்கக் கப்பலும் மூழ்குமே? அமெரிக்கா சண்டைக்கு வருமே?

வரட்டும் என்றார்கள். வருவதற்குள் முடிந்துவிடும்.

முதலிலிருந்தே விஷயம் முடிவாகியிருந்தது. பெத்மான் தலையாட்டினார். கைசர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வெளியுறவு அமைச்சர் ஜிம்மர்மனுக்கு ஒரு யோசனை. அமெரிக்கா வந்தால் அதன் கொல்லைப்புறத்தில் நெருப்பு வைத்துவிட்டால் என்ன? மெக்சிகோவை இழுப்போம். எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள், நீங்கள் பறிகொடுத்த டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளுங்கள். இதை ரகசிய மொழியில் எழுதி அனுப்ப வேண்டும்.

எதில் அனுப்புவது?

கம்பி இல்லை.

இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் தபால் துறைக் கப்பல் வெட்டிய வெட்டு இங்கேதான் வேலை செய்தது. ஜிம்மர்மனிடம் கம்பி இல்லை. ஆனால் பெர்லினில் இருந்த அமெரிக்கத் தூதரகத்திடம் இருந்தது. அதிபர் வில்சன் சமாதானம் பேசும் ஆசையில், ஜெர்மானியர்கள் தங்கள் ரகசியச் சேதிகளை அந்த வழியாக அனுப்பிக்கொள்ளப் பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தார். ஜனவரி 16. எண்கள் நிறைந்த காகிதம் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டது. உள்ளே இருப்பது தங்களுக்கே வெட்டிய குழி என்று தெரியாமல் அமெரிக்கர்கள் அதை அனுப்பிவைத்தார்கள்.

பெர்லினிலிருந்து கோபன்ஹேகன். அங்கிருந்து வாஷிங்டன்.

நடுவில் ஒரு ஊர் இருக்கிறது. சொல்லவா?

லண்டன்.

மறுநாள் காலை. பெர்லினில் 'பொலனேஸ்' நடந்துகொண்டிருக்கிறது. லண்டனில் 40-ம் எண் அறையிலிருந்து நைஜல் டி கிரே என்ற இளைஞர் காகிதத்தோடு வேகமாக வெளியே வருகிறார். போருக்கு முன் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். பாதி எண்களுக்குத்தான் அர்த்தம் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதியே போதும். உளவுத் தலைவர் ரெஜினால்ட் ஹாலின் அறைக்குள் நுழைகிறார். அமெரிக்காவைப் போருக்குள் கொண்டுவர உங்களுக்கு ஆசை உண்டா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்கிறார்.

ஹாலுக்குக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம். 'பிளிங்கர்' என்றே பட்டப்பெயர். காகிதத்தைப் படிக்கிறார். மறுபடி படிக்கிறார்.

பிரிட்டன் இரண்டரை வருடமாக வேண்டிய வரம் கையில் இருக்கிறது. இதை வாஷிங்டனிடம் காட்டினால் போதும்.

காட்ட முடியாது.

காட்டினால், ரகசிய மொழி உடைந்தது ஜெர்மனிக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசம்: இது உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று அமெரிக்கர்கள் கேட்பார்கள். உங்கள் தூதரகத்தின் கம்பியைத்தான் நாங்கள் தினமும் ஒட்டுக் கேட்கிறோம் என்று நண்பனிடம் எப்படிச் சொல்வது?

ஹால் காகிதத்தைப் பூட்டி வைத்தார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார்.

பிறகு தனியே உட்கார்ந்து யோசித்தார். வாஷிங்டனுக்கு வந்த சேதி மெக்சிகோவுக்குப் போக வேண்டும். தூதரகக் கம்பி அங்கே போகாது. ஜெர்மன் தூதர் சாதாரண மனிதர்களைப் போலத் தந்தி ஆபீஸுக்கு ஆளனுப்பிக் காசு கட்டித்தான் அனுப்பியாக வேண்டும். அப்படியானால் மெக்சிகோ நகரத்தில், ஒரு தந்தி ஆபீஸில், ஏதோ ஒரு கோப்பில், இதே சேதியின் இன்னொரு பிரதி கிடக்கும்.

அந்தக் காகிதம் கிடைத்தால், திருடியது லண்டனில் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதை எடுத்துவர மெக்சிகோவில் ஒரு ஆள் வேண்டும்.

ஆள் இருந்தார்.

(தொடரும்)